கிணற்றில் விழாத அச்செழுத்துகள்

வக்கீல் சிவசைலம் இறந்துவிட்டார் என்ற செய்தி சவூதியின் ஜுபைலிலிருந்து குரல்பதிவாக வந்தது. நான் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேசியவர் செல்வம், முன்பு துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த கிரேன் ஆபரேட்டர். "டீச்சர், வக்கீலய்யா நேத்து ஊர்ல தவறிட்டாரு. தூக்கத்துல. நெசமாவே தூக்கத்துலதான், வீட்ல ரெண்டு தடவ கேட்டுட்டேன். நம்ம ஆளுங்களுக்கு நீங்க எழுதிச் சொல்லிருங்க."

ஏன் இரண்டு தடவை கேட்டார் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். புகழ்ந்து எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் அவர் முன்சீப் கோர்ட் வக்கீல். அங்கே சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அதை மூட வேண்டி வந்ததும், நாற்பத்தைந்து வயதில் துபாய்க்கு வந்து அல் கூஸில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தார். விசா மனு, கம்பெனிக் கடிதம், விபத்து அறிக்கை என்று மற்றவர்கள் சொல்வதை வாரம் முழுக்க அடிப்பார். விடுமுறை நாளில் தான் சொல்ல வேண்டியதை ஒரே தாளில், இரண்டு பக்கமும் எழுதி, நாற்பது பிரதி எடுத்து கேம்ப்புகளுக்குக் கொண்டுபோவார். என் கணவரின் விசா வேலையாகப் போனபோது, நான் சரித்திர ஆசிரியை என்று தெரிந்ததும் தாளை என் பக்கம் நகர்த்தினார். "பிழை இருந்தா சொல்லுங்க."

"இது பத்திரிகைதானே சார்? லைசென்ஸ் வேண்டாமா?" என்றேன்.

"கடிதம் டீச்சர். மேல வாங்குறவர் பேரு இருக்கு, கீழ என் கையெழுத்து இருக்கு. கடிதம் எழுத எந்த ஊர்ல லைசென்ஸ் கேக்கான்?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பிரதியின் தலையிலும் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் நீல மையில் கையால் எழுதுவார். அந்த வாதம் எந்தக் கோர்ட்டிலாவது நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். அவருக்கும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்கள் வேறொரு வேலையையும் செய்தன. ஒருமுறை அவரோடு கேம்ப் வாசல்வரை போயிருந்தேன். உள்ளே இரண்டு முருகேசன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வந்த கடுதாசிய நீ ஏன்டா படிக்கிற?"

"உள்ள ஒரே விசயந்தானடா!"

"இருக்கட்டும். எங்கப்பன் பேரு போட்டிருக்குல்ல? உனக்கு உள்ளதப் போயிப் படி!"

பிழை திருத்தியவர் என்று என் பெயரையும் போட வேண்டும் என்பார். வேண்டாம் என்பேன். எனக்குப் பள்ளி வேலை இருந்தது, விசா இருந்தது. "மொட்டைக் கடுதாசிக்கும் நமக்கும் ஆகாது டீச்சர்" என்பார். மறுவாரமும் கேட்பார்.

கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு தொடர் வந்தது நினைவிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே அம்பாசமுத்திரத்தில் வக்கீலாகவும் பத்திரிகை முதலாளியாகவும் இருந்த அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கை. பஞ்சத்தில் ஏழைகளுக்கு ஊற்றிய கஞ்சியில் அதிகாரிகள் அரிசியைத் திருடியதை அவர் எழுதினார். மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள். மறுத்து, அச்செழுத்துகள் அத்தனையையும் தன் வீட்டுக் கிணற்றில் கொட்டிப் பத்திரிகையை மூடினார். இதுதான் குடும்பக் கதை. கேம்ப்பில் அந்தக் கிணற்றுக்கு நல்ல மவுசு.

நான் ஊருக்கு லீவில் போனபோது ஒரு பழைய நூலகத்தில் அந்தப் பத்திரிகையின் கட்டைத் தேடிப் பிடித்தேன். மன்னிப்பு இருந்தது. கடைசிப் பக்கத்தில் நான்கு வரி. அதற்குப் பிறகும் பத்திரிகை ஆண்டுக்கணக்கில் வந்திருக்கிறது. கிணற்றில் எதுவும் விழவில்லை. திரும்பி வந்து அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில்தான் மாரிமுத்து இறந்தார். கொத்தனார், பரமக்குடிப் பக்கம். கோடையில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை வெளிவேலை கூடாது என்பது அங்கே சட்டம். அவர் ஒன்றரை மணிக்கு, சைட்டில், இரண்டாம் மாடித் தளத்தில் விழுந்தார். அறையில் தூக்கத்தில் இறந்தார் என்று கம்பெனி அறிக்கை. அதைத் தட்டச்சு செய்ய வந்த இடம் நம் வக்கீலின் மேசை. சொன்னபடியே அடித்துக் கொடுத்தார். அது அவர் வேலை. அன்று மாலை கேம்ப்புக்குப் போய், மாரிமுத்துவைத் தூக்கி வந்த செல்வத்தையும் மற்ற மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார். அடுத்த கடிதத்தில் நேரம், தளம், பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருந்தன.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தமிழர்தான், குரலை உயர்த்தாமல் பேசினார். "சார், ரெண்டே வரி. தவறான தகவல், வருந்துகிறேன்னு அடுத்த கடுதாசில போடுங்க. கலாஸ், முடிஞ்சுது. உங்க ஓனருக்கும் எங்க கம்பெனி வேணும், உங்களுக்கும் விசா வேணும்."

"யோசிக்கேன்" என்றார் வக்கீல்.

கம்பெனி ஆள் போனதும், நூலகத்தில் எடுத்து என் பையில் வைத்திருந்த நகலை மேசைமேல் வைத்தேன். அவரைக் காயப்படுத்த அல்ல, காப்பாற்றத்தான். "உங்க கொள்ளுத்தாத்தாவே கேட்டிருக்கார் சார். அதனாலதான் பத்திரிகை பிழைச்சுது. நீங்களும் ரெண்டு வரி போட்டா இந்தக் கடிதம் பிழைக்கும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நம்ம குடும்பத்துல ஒருத்தர் கேட்டாச்சுல்லா? பெறவு நான் எதுக்குக் கேக்கணும்?"

"சார், விளையாடாதீங்க. விசா போயிடும்."

"போவட்டும். அவருக்குப் பத்திரிகை இருந்தது, காப்பாத்துனாரு. இது பத்திரிகை இல்லன்னு நானே சொல்லிட்டேன். கடிதத்துல பொய் எழுதுனா, படிக்கிறவன் மூஞ்சில எப்படி டீச்சர் முழிக்க?"

அடுத்த வாரக் கடிதத்தில் ஒரு திருத்தம் வந்தது. "என் கொள்ளுத்தாத்தா மன்னிப்பு கேட்டார். கிணற்றுக் கதை தவறு. கண்டுபிடித்தவர் ஒரு சரித்திர ஆசிரியை. பெயர் போட அவர் சம்மதிக்கவில்லை." அதற்குக் கீழே இன்னொரு வரி: "மாரிமுத்து குறித்து எழுதியதில் திருத்தம் எதுவும் இல்லை."

அந்த மாதமே விசா ரத்தானது. அந்தக் கடிதம் வந்த மறுநாளிலிருந்து அந்த சைட்டில் பன்னிரண்டரைக்கு வேலை நின்றது என்று செல்வம் சொன்னார். கடிதத்தால்தான் நின்றதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் நின்றது.

ஊருக்குப் புறப்படும்போது ஒரு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் பெயர்கள், அப்பாக்களின் பெயர்கள், ஊர்கள். ரூம் மாறியவர்களை, நாடு மாறியவர்களைத் திருத்தி எழுதியிருக்கிறார். மாரிமுத்துவின் பெயரை அடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த நோட்டு என் அலமாரியில் சும்மா கிடந்தது. நேற்று எடுத்தேன்.

இந்தத் தாளின் தலையில் உங்கள் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது நான் கையால் எழுதியது. இரண்டு முருகேசன்களுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். மாரிமுத்துவின் பிரதி அவர் அம்மாவுக்குப் போகிறது. வக்கீலிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நோட்டும், இத்தனை வருடம் அவர் கேட்டு நான் தர மறுத்த ஒன்றும். அதைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

வசந்தா, அப்பா பெயர் நல்லபெருமாள், ஊர் சங்கரன்கோவில்.