பளபளன்னு இருக்கணும்

என் அத்தானை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்லவரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று என் அக்காவைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்க முடியாது, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

அத்தானுக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் வாயில் அச்செடுத்துப் பின்னால் அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை மாதிரி வார்த்து, அதன்மேல் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, தேய்த்து, மினுக்கிக் கொடுப்பவர் அத்தான். கிளினிக்கின் பின்கட்டில் ஒரே ஒரு அறை. ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் காஸ் அடுப்பு, தேய்க்கிற மோட்டார், அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தாடைகள். முதன்முதலில் அங்கே போனபோது நான் வாசலோடு திரும்பிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் புருவத்தில்கூட வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். "உங்க அத்தான் மாவு மில்லுலயா வேலை பார்க்கிறார்?" என்று என் தோழிகள் கேலி செய்வார்கள்.

அவர் மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். அக்காவையும் அப்படித்தான் பார்த்தார். எங்கள் அப்பாவுக்குப் போட்ட பல் செட் ஈற்றைக் கடித்துக்கொண்டே இருந்தது. அப்பா வாய் திறக்காத சாது. அக்கா விடுவாளா? செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே பின்கட்டு அறைக்கே போய் நின்றாள். "இதைப் போட்டுக்கிட்டு நீங்க ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்க!" என்று ஆரம்பித்து, கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்: "உங்க மேல் வரிசை ரொம்ப நல்லாயிருக்குங்க."

அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினார். பிறகு செட்டைச் சரிபார்க்கிறேன் என்று வீட்டுக்கு வந்தார். மறுபடி வந்தார். அப்பாவுக்கு வலி நின்ற பிறகும் வந்தார். செட்டைத் தேய்க்க வந்தவர் வீட்டு மாப்பிள்ளையாகிவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் வாய் நீளம், எனக்கும்தான். ஆனால் அக்காவின் திட்டு வேறு ரகம். கொட்டித் தீர்த்துவிடுவாள், அத்தோடு சரி. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். அத்தானைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாள் போனதில்லை. குடையைத் தொலைத்தால் திட்டு, சில்லறையை மறந்தால் திட்டு, மெழுகு ஒட்டிய சட்டையைத் துவைக்கிற துணியோடு போட்டால் திட்டு. அவர் முகத்தில் அப்போதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அவள் பேசாமல் இருந்தால்தான் பயந்துபோய் அவள் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வருவார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் வெளியே பேசியதில்லை, நானும் பேசப் போவதில்லை. ஆனால் டிசம்பர் வந்தால் அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிற மாதிரிதான் அமர்க்களம் நடக்கும். குடை மாதிரி மடக்கி விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். கல்யாணமான புதிதில் வாங்கியது. வருஷா வருஷம் இலை கொட்டிக் கொட்டி, உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டிருந்தது. புதுசு வாங்கலாம் என்றால் அதற்கும் எனக்குத் திட்டு.

அதில் தொங்குகிற பொருள்கள் இரண்டு ஜாதி. முதல் ஜாதி எங்கள் அம்மாவுடைய கண்ணாடி உருண்டைகள். அம்மா ஒரு பெரிய வீட்டில் தையல் வேலை பார்த்தாள். அந்த வீட்டு அம்மாள் குடும்பத்தோடு வேறு தேசம் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. முட்டை ஓட்டைவிட மெல்லிசு. உள்ளே வெள்ளிப் பூச்சு, வெளியே கையால் வரைந்த பூவும் கொடியும் வீடும். ஒன்றில் மட்டும் ஒரு சிவப்புக் குருவி. அம்மா அதைத் தொங்கவிடும்போது குருவி மாதிரியே சீட்டியடிப்பாள். அம்மாவுக்குப் பிறகு அவை அக்காவிடம் வந்தன. முட்டை அடுக்குகிற அட்டையில் ஒவ்வொன்றையும் பஞ்சு வைத்து, பீரோவின் மேல்தட்டில் வைத்திருப்பாள்.

இன்னொரு ஜாதி அத்தான் செய்தவை. மிஞ்சிய பிளாஸ்டரில் நட்சத்திரம், மணி, மீன். செட்டுக்கு ஈறு செய்து மிஞ்சிய பசையில் தேவதூதர்கள். ஈறுப் பசைக்கு என்ன நிறம்? ஈறு நிறம்தானே! ரோஸும் சிவப்புமாக, நனைந்த மாதிரி ஒரு மினுமினுப்போடு, சிறகு விரித்து நிற்கும். வேலைப்பாடு என்னவோ அற்புதம். ஒவ்வொரு இறகும் தெரியும். ஆனால் பார்த்தால் யாரோ கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். "கடவுளே, இதைப் பார்த்தா எனக்குப் பல்லு கூசுது" என்று அக்கா அதையெல்லாம் சுவர்ப்பக்கம் மாட்டுவாள். முன்பக்கம் முழுக்க அம்மாவின் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை அத்தான் தொடக்கூடாது. "உங்க கை பிளாஸ்டர் கை, சொரசொரன்னு இருக்கு, தள்ளி உட்காருங்க" என்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நான் மட்டும் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். காய்ந்த மல்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தண்ணீர் ஆகவே ஆகாது என்று அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தாள். எங்களுக்குச் சொன்னாள். அத்தானுக்கு யாரும் சொல்லவில்லை. தொடவே விடாத ஆளுக்கு எப்படித் துடைப்பது என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

போன வருஷம் டிசம்பர் நெருங்கும்போது அக்காவுக்கு இதயம் பழுதாகிவிட்டது. காலில் நீர், நுரையீரலில் நீர். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வேணுங்கிறதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். கூடத்தில் கட்டில் போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுக்க வைத்தோம். ஒரு வார்த்தை சொல்வாள், ஒரு மூச்சு வாங்குவாள். அந்த நீள வாய்க்கு இப்படி ஒரு தண்டனையா என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தக் குருவியைப் பார்க்கணும்டி. பார்த்தா அம்மா சீட்டியடிக்கறது காதுல கேக்கும்." வீட்டுக்கு வந்ததும் அத்தானைக் கூப்பிட்டாள்.

"மரம் வைங்க."

"வைக்கிறேம்மா."

"அம்மாவோடது எல்லாம்... இந்தத் தடவை... பளபளன்னு இருக்கணும்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பளபளன்னு என்றால் எனக்கு என்ன புரிந்தது? முன்னால் மாட்டி, சின்ன விளக்குச் சரத்தைப் போட்டுவிடு என்று புரிந்தது. யாருக்கும் அப்படித்தான் புரியும். பல் செட் செய்பவருக்கு மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். காலமெல்லாம் டாக்டர் அவரிடம் சொன்னது அதைத்தானே! "செட் பளபளன்னு இருக்கணும்யா." அப்படிச் சொன்னால் வெந்நீரில் மருந்துப் பொடி போட்டு ஊறவைக்க வேண்டும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், அலச வேண்டும்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு கையாலும் அந்த முட்டை அட்டையைப் பிடித்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சின்னவளே, இதைக் கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். பூ இல்லை, கொடி இல்லை, வீடு இல்லை. உள்ளே இருந்த வெள்ளிப் பூச்சு அங்கங்கே கறுத்துத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி வெறும் கண்ணாடி. ஃபியூஸ் போன பல்புகளை அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. குருவி எதிலிருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒண்ணுகூட உடையலை" என்றார். "அவ்வளவு பத்திரமா தேய்ச்சேன். தண்ணி மட்டும் கலர் கலரா ஆச்சு. அப்பதான்..."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதலில் அக்காதான் நினைவுக்கு வந்தாள். "அவகிட்ட சொல்லாதீங்க அத்தான். கடையில புதுசு வாங்கி மாட்டிடலாம். தூரத்துல இருந்துதானே பார்க்கப்போறா, தெரியாது" என்றேன்.

"பொய்ப்பல்லு செய்யறவன்தான் நான். அவகிட்ட பொய் சொல்லத் தெரியாது" என்றார். "திட்டுவா. திட்டட்டும். நல்லா திட்டட்டும், நான் வாங்கிக்கறேன்."

அவருக்கு அது ஒன்றுதான் அப்போது நம்பிக்கை. அவள் திட்டிவிட்டால் தீர்ந்துவிடும். எப்போதும் அப்படித்தானே தீர்ந்திருக்கிறது!

அன்று சாயங்காலம் அவரே மரத்தை விரித்தார். தாம் செய்ததைச் சுவர்ப்பக்கம் மாட்டினார். அந்த வெறும் கண்ணாடிகளை முன்னால் மாட்டி விளக்கைப் போட்டார். அக்காவுக்கு நான் தலையணையை உயர்த்திக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே வரைக்கும் தேடித் தேடிப் பார்த்தாள்.

"குருவி எங்க?"

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுக்கு அந்தக் கையைத் தெரியும்.

"தண்ணியிலயா... போட்டீங்க?"

"ஆமாம்மா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திட்டும்மா" என்றார் அத்தான். "தப்பு பண்ணிட்டேன். திட்டிடு. வாய்க்கு வந்ததைச் சொல்லு." அவள் திரும்பவில்லை. "சரி, மெதுவாவே சொல்லு. ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. முட்டாள்னு சொல்லு, போதும்." ஒரு குழந்தை மிட்டாய்க்குக் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினார். அந்த மனிதர் மேல் இருந்த என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா மேல்தான் கோபம் வந்தது. திட்டித் தொலையேண்டி என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் அதற்கப்புறம் சில நாள் இருந்தாள். என்னிடம் தண்ணீர் கேட்டாள். போர்வையை இழுத்துவிடச் சொன்னாள். அத்தான் வாயைத் துடைத்துவிட்டால் தடுக்கவில்லை, மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, இல்லை திட்டுகிற அளவுக்கு மூச்சு இல்லையா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் வேலைக்கே போகவில்லை. அவள் கண் திறக்கும்போதெல்லாம் எதிரே இருக்க வேண்டும் என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலையில் கண் திறக்காமலே போய்விட்டாள்.

வந்தவர்களெல்லாம் போன பிறகு நானும் அவரும் மட்டும் கூடத்தில் இருந்தோம். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நான் கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு. நீ முகத்துக்கு நேரா பேசறவ, அதான் உன்கிட்ட கேக்கறேன். என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கண்ணைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இல்ல அத்தான். ஒண்ணும் சொல்லலை."

தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நீயாவது திட்டிடு" என்றார். "உனக்கும் அவ வாய்தானே."

திட்டினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியைப் போய் எவனாவது பல்லென்று நினைத்து ஊறவைப்பானா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, வாயில் என்ன மெழுகா வைத்திருந்தீர்கள் என்று அழுதுகொண்டே கத்தினேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, சாப்பிடுங்கள் என்று தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"நீயும் நல்லாத்தான் திட்டறே" என்றார். "ஆனா அவ திட்டி முடிச்சா எனக்குப் பசிக்கும்."

தட்டை என் பக்கம் மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, கையைக்கூட நனைக்காமல் எழுந்து போனார்.