நாங்க உடைச்சோம்

என் தங்கை ஜெயித்ததை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் அலமாரி தூக்கி, மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் அந்தப் பக்கமே போனதில்லை. ராணுவத்தில் பெண்களுக்கு வைத்திருக்கும் உயர அளவை ஒரு விரல்கடை மிச்சத்தில் தாண்டினாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறவள், ஓட்டத்திலும் தேறினாள். எழுத்துத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஜெயித்தாள். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணலில், வயது வரம்பு முடிவதற்கு முன் இருந்த கடைசி வாய்ப்பில் தேறினாள். பயிற்சிக் காலத்தில் முதுகுச் சுமையோடு மலை ஏறும் போட்டியில் கோப்பை வாங்கினாள். இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஆச்சரியமே இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி இறங்கியவளுக்கு மலை எம்மாத்திரம்?

எங்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்தது. லாரி ஓட்டுவது சித்தப்பா. கண்ணாடிச் சாமானையும் பீங்கானையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். என் கையால் கட்டிய தட்டு ஒன்றுகூட இதுவரை விரிசல் விட்டதில்லை. தங்கை அப்பாவோடு சேர்ந்து பெரிய சாமான் தூக்குவாள். ஆள் சின்னதாக, குத்தினால் சுருக்கென்று இருப்பாள் என்பதால் சித்தப்பா அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தார். வீட்டில் இன்றும் அதுதான் பெயர்.

அப்பாவிடம் ஒரே ஒரு சட்டம். சாமான் எது உடைந்தாலும் வீட்டுக்காரரிடம் "நாங்க உடைச்சோம், மாத்திக் கொடுத்துடறோம்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். யார் கை நழுவியது, யார் கால் இடறியது என்று விரல் நீட்டக் கூடாது. அப்பா கூலியாக வேலை பார்த்த காலத்தில், கூட வேலை செய்த ஒருவரை இன்னொருவர் இப்படிக் காட்டிக் கொடுத்து, மாட்டிக்கொண்டவர் அன்றைக்கே வேலையை விட்டுப் போனார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். சொந்தமாக லாரி வாங்கியதும் முதல் வேலையாக இந்தச் சட்டத்தைப் போட்டார்.

இந்தச் சட்டம்தான் முதல் நேர்காணலில் என் தங்கையின் காலை வாரிவிட்டது.

அங்கே சில நாட்கள் தங்க வைத்து, மார்பில் எண் கட்டி, கயிறும் பலகையும் கொடுத்துக் கூட்டமாக வேலை செய்யச் சொல்வார்கள். அதெல்லாம் நன்றாகவே செய்தாள். பிறகு ஓர் அதிகாரி தனியாக உட்கார வைத்துக் கேட்டார்: "நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு நிலைக்கண்ணாடி அலமாரியை இறக்கும்போது உடைச்சுட்டோம் சார்."

"யார் உடைச்சது?"

"நாங்க சார்."

"நாங்கன்னா? தப்பு யார் மேல?"

"எங்க மேலதான் சார்."

மறுபடியும் கேட்டிருக்கிறார். தலைகீழாக நின்றாலும் இவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை அந்த நாங்களை வெளியில உட்கார வெச்சுட்டு நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா" என்றாராம். முடிவு சொல்லும்போது இவள் எண்ணைப் படிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அவள் லாரியில் ஏறியதும் சித்தப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவள் தனியாக வந்து நின்றாலும், "யாரு வந்திருக்கா?" என்பார். அவரே, "நாங்க மேடம் வந்திருக்காங்க" என்று பதிலும் சொல்லிக்கொள்வார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

மறுநாளே என்னிடம் வந்து, "அக்கா, நீ பெட்டி கட்டும்போது என்னைக் கேள்வி கேளு. நாங்கன்னு சொன்னேன்னா, அந்தப் பெட்டியை நானே தனியா லாரியில ஏத்தறேன்" என்றாள்.

கேட்டேன். கல்லூரியில் என்ன செய்தாய், கோபம் வந்தால் என்ன செய்வாய், எதற்கு ராணுவம், எதற்கு அதிகாரி வேலை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். முதல் வாரம் முழுக்க லாரியை அவளே நிரப்பினாள். சித்தப்பாவுக்கு ஏகக் கொண்டாட்டம். "இவ பாஸ் பண்ணவே வேணாம், நம்ம முதுகுக்கு நல்லாருக்கு" என்றார்.

பிறகு அந்தச் சொல் அவள் வாயை விட்டுப் போயிற்று. வேறு ஒரு கேடு வந்தது. ஒருநாள் வேலை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போல், "இன்னிக்கு என்ன வேலை பண்ணீங்கம்மா?" என்று அதிகாரிக் குரலில் கேட்டேன்.

"நான் ஒரு வீட்டைக் காலி பண்ணேன் சார். நான் பியானோ இறக்கினேன். நான் லாரியில சாமான் அடுக்கினேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாங்கல்லாம் என்னம்மா பண்ணோம்? நீ தூக்கறதைப் பார்த்துக் கை தட்டினோமா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அப்பா கோபித்துக்கொள்கிறவர் இல்லை. அதனால்தான் எங்களுக்கு அது உறைத்தது. அதன் பிறகு என்ன கேட்டாலும் அவளுக்கு வார்த்தை தடுக்கியது. நாங்க என்றால் அந்த அதிகாரி நினைவுக்கு வருகிறார், நான் என்றால் அப்பாவின் டம்ளர். "நானும் இல்லாம நாங்களும் இல்லாம பேசக் கத்துக்கணும்போலிருக்கு" என்று என்னிடம் புலம்பினாள். ஆனாலும் விடவில்லை. அதிகாலை ஓட்டத்தை விடவில்லை, பெட்டி கட்டும்போது கேள்வியை விடவில்லை. நான் களைத்துப்போய், "போதும்டி, வாய் வலிக்குது" என்றால், "உனக்கு வாய்தானே வலிக்குது, கேளு" என்பாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அப்பா கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். இவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த நிலைக்கண்ணாடி விஷயத்தைத் திரும்பக் கேட்டாங்கன்னா சொல்லிடவா?"

படி திரும்புகிற இடத்தில் ஒருவர் "சாய்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதன்படி சாய்ப்பார்கள். அந்த அலமாரியை இறக்கிய அன்று சொல்லும் பொறுப்பு அவளுடையது. ஒரு படி முன்னதாகவே சொல்லிவிட்டாள். அலமாரி சுவரில் இடித்து, கண்ணாடி மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டுப்போனது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா கயிறு சுருட்டுவதை நிறுத்தாமல், "உன் தப்பை நீ சொல்றதுக்கு என்கிட்ட எதுக்குடி உத்தரவு?" என்றார். "அடுத்தவன் தப்பைச் சொல்லாதேன்னுதானே நான் சொன்னேன்? உன்னோடதை நீ ஊர் முழுக்கச் சொல்லேன்!"

எத்தனையோ வருஷமாக அந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்தும், அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எங்களில் ஒருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். "நீ முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் அப்பா.

இரண்டாவது முறை வேறோர் அதிகாரி. அவள் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன தடவை ஏன் தேறலைன்னு நினைக்கிறீங்க?"

"கண்ணாடி உடைஞ்சது யார் தப்புன்னு கேட்டாங்க சார். நான் சொல்லலை."

"ஏன்?"

"எங்க தொழில்ல அந்தக் கேள்வியைக் கேக்கறது வீட்டுக்காரங்கதான் சார். அந்த சாரையும் வீட்டுக்காரர்னு நினைச்சுட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரி, நான் யாரு?"

"நான் தேறினா, எனக்கு மேல இருக்கப்போறவர் சார். உங்களுக்கு யார் 'சாய்'னு சொன்னதுன்னு தெரிஞ்சாகணும். நான்தான் சொன்னேன். ஒரு படி முன்னாடி சொல்லிட்டேன். தூக்கினவங்க யார் மேலயும் தப்பு இல்ல."

"நாளைக்கு உங்களுக்குக் கீழ இருக்கிறவர் எதையாவது உடைச்சா?"

"வெளியாளுங்க கேட்டா நாங்க உடைச்சோம்னு சொல்லுவேன். நீங்க கேட்டா, பொறுப்பு நான்னு சொல்லுவேன் சார்."

"உடைச்சவரை என்ன பண்ணுவீங்க?"

"அவர்கிட்ட தனியா பேசிக்கறேன் சார். அது உங்களுக்குக் கேக்காது."

அவர் சிரித்தாரா என்று கேட்டேன். "அதைப் பார்க்கிற நிலைமையிலயா நான் இருந்தேன்?" என்றாள். கடைசி நாள் எல்லோரையும் ஓர் அறையில் நிற்க வைத்துத் தேறியவர்களின் எண்களைப் படித்திருக்கிறார்கள். மொத்தமே ஓர் எண்தான் படித்தார்கள். நாங்கள் ஒரு வீட்டு வாசலில் சோபாவைச் சுமந்துகொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. "அக்கா, என் நம்பரைப் படிச்சாங்க" என்றாள். நான் கத்தியதில் அந்த வீட்டம்மா பயந்துபோய் வெளியே ஓடிவந்தார். சித்தப்பா லாரியில் ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பா மட்டும், "முதல்ல சோபாவைக் கீழ வைங்க, போட்டு உடைச்சுடப் போறீங்க" என்றார். வைத்த பிறகு அதிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, தேர்வுகள் எல்லாவற்றையும் தாண்டி, தோளில் நட்சத்திரம் வைத்தார்கள். பிரிவில் பணியில் சேர்ந்த அன்று, தன் கீழ் வரும் முப்பது பேருக்கும் அவர்களுடைய வண்டிகளுக்கும் தான் பொறுப்பு என்ற தாளின் அடியில், லெப்டினன்ட் என்று போட்டுத் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டாள். நாள்: 17 மார்ச் 2014, திங்கட்கிழமை.