தண்ணீர் குடிக்காத டீச்சர்

மதியம் லுஹர் தொழுகை முடிந்துவிட்டால் ஸுஹைறா டீச்சர் தண்ணீர் குடிக்கமாட்டார். வெயில் மண்டையைப் பிளந்தாலும், ஆறாம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினாலும், யாராவது இளநீர் வெட்டிக் கையில் கொடுத்தாலும், "எனக்கு வேணாம், நீங்க குடிங்க" என்று தள்ளிவிடுவார். புதிதாக வருகிற ஆசிரியர்கள் டீச்சர் ரமழான் அல்லாத நாளிலும் சுன்னத்து நோன்பு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அந்தப் பாடசாலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"நோன்பா ராத்தா?"

என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரிக்கவில்லை.

"நோன்புதான் றிப்னா. உங்க எல்லாருக்கும் வருசத்துல ஒரு மாசம். எனக்குப் பன்னிரண்டு மாசமும்."

பதில் விளங்க எனக்கு ஒரு கிழமைதான் எடுத்தது. அதற்குள் நானும் பின்னேரத்தில் தண்ணீரை விட்டுவிட்டேன்.

எங்கள் கல்முனைப் பக்கம் ரயில் இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. ஸுஹைறா ராத்தா மருதமுனை, நான் சாய்ந்தமருது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி, பொலன்னறுவைப் பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அந்த ஸ்டேஷனின் பெயர் இங்கே வேண்டாம். எதிரே எங்கள் பாடசாலை. பஸ்ஸிலும் போகலாமே என்று ஊரில் எல்லோரும் புத்தி சொல்வார்கள். பஸ் இறக்கிவிடுகிற சந்தியிலிருந்து பாடசாலைக்கு வருகிற பாதையில் யானைகள்தான் நடக்கும். புத்தி சொல்கிறவர்கள் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

பாடசாலை இரண்டு மணிக்கு விட்டுவிடும். அதிபர் கேட்டைப் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். ரயில் வரும்வரை நாங்கள் ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருக்க வேண்டும். அது நேரத்துக்கு வருகிற நாளை நாங்கள் பெருநாளாகக் கொண்டாடலாம். ஸ்டேஷனில் நல்ல கழிப்பறை ஒன்று இருக்கிறது. வெள்ளை மாபிள் பதித்தது, தண்ணீர் வருவது, கதவு சாத்துவது. அதில் எந்நேரமும் ஒரு பூட்டுத் தொங்கும், அதன் திறப்பு ஸ்டேஷன் மாஸ்டரின் மேசைக்குள் கிடக்கும். ஆசனம் ஒதுக்கிய பயணிகளுக்கு மட்டும் என்று மூன்று மொழியில் எழுதியும் இருக்கிறது. நாங்கள் ஏறுகிற பெட்டியிலும் ஒன்று உண்டுதான். கதவுக்குக் கொளுக்கியில்லை, பைப்பில் தண்ணீரும் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஒதுங்கிவிட்டு, கழுவிச் சுத்தமாகாமல் எப்படிப் பின்னேரத்து அஸர் தொழுவது? அதற்குப் பிறகு மட்டக்களப்பு, பிறகு நின்றுகொண்டே ஒரு பஸ். வீட்டு வாசலை மிதிக்க இராத்தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிடும்.

ஆகவே குடிக்காமல் இருப்பதுதான் வழி. ஸுஹைறா ராத்தாவின் கடைசி மகள் பாலர் பாடசாலைக்குப் போகும்போது தொடங்கிய வழி இது. அந்த மகள் இப்போது கெம்பஸில் படிக்கிறாள்.

போன வருடம் அவருக்கு இடுப்பில் வலி தொடங்கியது. வகுப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். ஸ்கேன் செய்து பார்த்த டொக்டர், கல் என்றார். ஒன்றல்ல, இரண்டு பக்கமும். நாளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுவும் பின்னேரத்தில் நன்றாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"வேலைய விட்டுருங்ககா" என்றாராம் கணவர் அபுல் ஹஸன். அவர் மருதமுனையில் சாறன் துணிக்கடை வைத்திருக்கிறார். மனைவி வலியில் துடிப்பதைப் பார்க்க ஏலாத மனுஷன்.

"முழுப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலந்தான் கிடக்கு றிப்னா" என்று ராத்தா ரயிலில் வைத்து என்னிடம் சொன்னார். "இவ்வளவு காலமும் ஆனைக் காட்டுக்குள்ளால வந்துபோன நான், ஒரு கக்கூசுத் திறப்புக்காக வேலைய விட்டன் எண்டு ஆருக்கிட்டப் போய்ச் செல்ற?"

திறப்பை அவர் கேட்காமல் இல்லை. பலமுறை கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எரிச்சல். மழைக்கு எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்துவார், கொச்சைத் தமிழில் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். திறப்பு என்றவுடன் மட்டும் சட்டம் பேசுவார்.

"மிஸ், அது ரிசர்வ் ஆக்களுக்கு. சீசன் டிக்கட் ஆக்களுக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்க."

"வரட்டுமே! வாறதுக்குத்தானே கட்டி வெச்சிரிக்கி?" என்றேன் நான்.

"மிஸ், சீசன்ல நீங்க வாறது பாதிக் காசுக்கும் குறைவு. அதுக்கு மேல சலுகை கேட்டா நான் என்ன செய்யிற?"

அந்த நியாயத்தை ரயிலுக்குள்ளும் கேட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வருகிற ஒருவர், நாங்கள் இருக்கை பிடித்து வைத்ததைப் பார்த்து, "மாசக் காசு கட்டினா ரயிலையே எழுதி வாங்கினதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை கிடையாது. ஒருநாள் பயணத்தில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் பொறுப்பவருக்குத்தான் கல் வளரும்.

எங்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. நாளாந்த ரயில் பயணிகள் நலன்புரிச் சங்கம். தலைவர் கல்முனைக்குடி பளீல் சேர். கந்தோர் உத்தியோகம், பேச்சில் மன்னர். கூட்டம் ரயில் பெட்டிக்குள்தான் நடக்கும். சீசன்காரருக்குத் தனிப் பெட்டி வேண்டும், ரயில் பிந்தினால் அடுத்த மாதச் சீசனில் கழிக்க வேண்டும், கடுகதி ரயிலிலும் ஏறவிட வேண்டும் என்று ஆண்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒருநாள் ஸுஹைறா ராத்தா ஒரு மூலையிலிருந்து கையை உயர்த்தினார்.

"பளீல் சேர், பொம்புளையளுக்கு அந்த... ஸ்டேஷன்ல அந்த வசதிய..."

அதற்கு மேல் சொல்லவில்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவே எப்படிச் சொல்வது? பளீல் சேரும் மேலே கேட்கவில்லை. "சுகாதார வசதிகள மேம்படுத்தல். அதையும் கடைசியில சேர்த்துக்கொள்ளுவம்" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அது அங்கேயே கிடந்தது.

இப்படியிருக்கும்போதுதான் பளீல் சேருக்கு அந்த யோசனை வந்தது. நீண்ட காலமாகச் சீசனில் பயணம் செய்கிறவர் ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமாம். எங்கள் பகுதியில் பொன்னாடை வாங்காதவர் அருமை. கவிதை எழுதினாலும் பொன்னாடை, ஹஜ்ஜுக்குப் போய்வந்தாலும் பொன்னாடை, இடமாற்றம் கிடைத்தாலும் பொன்னாடை. ரயிலில் போனதற்கு மட்டும் யாரும் போர்த்தியதில்லை. ஸுஹைறா ராத்தா தலையிலேயே வந்து விழுந்தது. அவர் எவ்வளவோ மறுத்தார்.

"மறுக்காதீங்க டீச்சர். ரயில்வேயில பெரிய அதிகாரி ஒருத்தர் வாறார். அவர்ட காதுல நம்மட கோரிக்கையளப் போட இதுதான் வழி."

அதைக் கேட்டுத்தான் ராத்தா ஒத்துக்கொண்டார். அதிகாரியின் காது வரை போனால் திறப்பு வந்துவிடும் என்று நம்பினார். நானும் நம்பினேன், மடச்சி.

விழா பிளாட்போமிலேயே நடந்தது. அன்று பாடசாலை விட்டு நாங்கள் வந்தபோது வாழைமரம் கட்டியிருந்தார்கள், ஒலிவாங்கி கட்டியிருந்தார்கள். ராத்தா என் கையைக் கிள்ளினார்.

"அங்க பாருகா!"

கழிப்பறை திறந்து கிடந்தது. கழுவி, மருந்து தெளித்து, புது வாளி வைத்து, கைதுடைக்கத் துவாயும் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய அதிகாரி வாகனத்தில் நெடுந்தூரம் வருகிறார் அல்லவா? ராத்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அது தனக்காகத்தான் என்று அந்த மனுஷி நினைத்துவிட்டார்.

அதிகாரி வந்தார், முதலில் அங்கேதான் போனார். பிறகு பேசினார். நாளாந்தப் பயணிகள்தான் ரயிலின் முதுகெலும்பு என்றார். பளீல் சேர் அதைவிட நீளமாகப் பேசினார், கோரிக்கைகளை வாசித்தார், தனிப் பெட்டி, கடுகதி ரயில் எல்லாம் சொன்னார். கடைசியில் கிடந்ததை நேரமில்லை என்று விட்டுவிட்டார். ராத்தாவுக்குப் பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள். ஞாபகச் சின்னம் கொடுத்தார்கள். சங்கத்தின் பரிசாக ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் பெரிய தண்ணீர்ப் போத்தல். குளிர் குறையாத வகை, அவருடைய பெயரும் பொறித்திருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தப் போத்தலைப் பிடுங்கித் தண்டவாளத்தில் வீச வேண்டும் போலிருந்தது.

அதிகாரியின் வாகனம் போனதும் ராத்தா எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். பூட்டு விழுந்திருந்தது. வாளியைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பாதையில் யானை நிற்பதால் ரயில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தும்.

ராத்தா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே பிளாட்போம் குழாயடிக்குப் போனார். புதுப் போத்தலைக் கழுவினார், வாய்வரை நிரப்பினார். ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, பிஸ்மி சொல்லிக் குடிக்கத் தொடங்கினார். நிறுத்தவில்லை. முழுப் போத்தலும் முடிந்தது. எழுந்து போய் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்து அமர்ந்தார். பச்சைப் பொன்னாடை இன்னும் தோளிலேயே கிடந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார். "என்ன மிஸ்?"

"டொக்டர் குடிக்கச் சென்னவர், குடிச்சிட்டன். ரயில் பிந்தும் எண்டு நீங்கதான் சென்னீங்க. நான் இந்தக் கதிரைய விட்டு எழும்பமாட்டன். இனி என்ன நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும்தானே சேர்?"

இரண்டாவது போத்தலின் மூடியைத் திறந்தார். விழாவுக்கு வந்த கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. பளீல் சேர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"டீச்சர், என்ன இது? ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும் சேர். இவ்வளவு காலமும் ஒளிச்சி ஒளிச்சித்தான் எனக்குக் கல்லு வந்த. எனக்குத் தனிப் பெட்டியும் வேணாம், காசுல கழிக்கவும் வேணாம். எனக்கு ஒண்ணுக்குப் போகோணும்."

ஒலிவாங்கி வைத்துச் சொல்லியிருந்தாலும் அப்படிக் கேட்டிருக்காது. பளீல் சேர் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். ராத்தா போத்தலை உயர்த்திப் பாதிவரை குடித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் போத்தலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தன் வாசலைப் பார்த்தார். உள்ளே போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து ராத்தாவின் கையில் கொடுத்தார்.

ராத்தா வெளியே வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் திறப்புக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ராத்தா அதை அவரிடம் கொடுக்கவில்லை. பின்னால் வரிசையாகிவிட்டிருந்தார்கள். நாளாந்தம் வருகிற பெண்கள் எல்லோரும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வெளியூர்க்காரியும். முதலில் நின்ற அந்த வெளியூர்க்காரியின் கையில் திறப்பை வைத்தார்.

பிறகு என்னிடம் வந்து மிச்சத் தண்ணீரோடு போத்தலை நீட்டினார்.

"குடி புள்ள."

குடித்தேன். தொண்டை எவ்வளவு காய்ந்து கிடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான்.

"நாளைக்கும் துறப்பாங்களா ராத்தா?"

அவர் பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"துறக்காட்டி நாளைக்கும் குடிப்பன்."