மாஸ்டரின் ஐந்தாவது ஊசி

சலூன் நாற்காலியில் பாதிக் கன்னத்தில் நுரையோடு ஆள் காத்திருக்க, மாஸ்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு மின்விசிறிக்கு நேரே போய் நிற்கிறார். நெற்றியும் பிடரியும் சொட்டச் சொட்ட வேர்க்கின்றன, காதுமடல் சிவந்துவிடுகிறது. சற்று நேரம்தான். பிறகு கழுத்தைத் துடைத்து, கையைக் கழுவி, விட்ட இடத்திலிருந்து மழிக்கத் தொடங்குகிறார்.

"ஒண்ணுமில்லண்ணே, உள்ள அடுப்பு பத்திக்கிச்சு. தானா அணைஞ்சிடும்."

அவருக்கு அறுபத்தேழு வயது. மழிப்பதற்கு முன் புறங்கையால் கன்னத்தை எதிர்த்திசையில் ஒருமுறை தடவிப் பார்ப்பது வழக்கம். "நேத்து சரியா தூங்கலையா? முடி முரண்டு பிடிக்குதே" என்பார். வாடிக்கையாளர் நன்றாகத் தூங்கியிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

போன வருடம் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆண் ஹார்மோனை உண்டு வளரும் நோய் அது. அந்த ஹார்மோன் சுரக்காமல் அடக்க, மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. நான்கு ஊசிகளில் நோய் அடங்கியது. கூடவே நெஞ்சிலும் கையிலும் முடி உதிர்ந்தது. மார்பு லேசாகத் திரண்டது. தினமும் கடை திறந்ததும் தன்னைத் தானே மழித்துக்கொண்டவருக்கு இப்போது வாரம் இருமுறை போதும்.

"என் கடையில எனக்கே வேலை இல்ல" என்று சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு சரி. வெள்ளைக் கோட்டைத் தொளதொளவென்று புதிதாகத் தைத்துக்கொண்டார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

மனைவிக்குத் தெரியும். மாதவிலக்கு நின்ற வயதில் அவருக்குள்ளும் இதே அடுப்பு சில வருடங்கள் எரிந்தது.

"நான் வேர்த்து நின்னப்ப என்ன சொன்னீங்க? ஜன்னலைத் தெறந்து வெய்யின்னு. இப்ப தெறக்கட்டுமா?"

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாத. நான் ஊசிய நிறுத்தப்போறேன். உசுரு மட்டும் இருந்து என்னடி, ஆம்பளையா இல்லாம?"

"எனக்கு ஆம்பளை வேணாம். ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் மனைவி.

நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இருந்தும், கடையில் கூட்டம் என்று சொல்லி ஐந்தாவது ஊசியைத் தள்ளிப்போட்டார் மாஸ்டர். கடைசியில் ஒருநாள், வாங்கி வைத்திருந்த மருந்தைத் திருப்பிக் கொடுத்து, வேண்டாமென்று நேரிலேயே சொல்லிவிடுவதென மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தாயும் எட்டு வயது மகளும் இருந்தார்கள். தாயின் மடியிலிருந்த பெட்டியைக் கண்டு மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பையிலிருந்த பெட்டியின் அதே நீலப் பட்டை, அதே பெயர். மருந்தின் அளவு மட்டும் வேறு.

"இது ஆம்பளைங்க ஊசியாச்சே! பாப்பாவுக்கு எதுக்கும்மா?"

தாய் குரலைத் தாழ்த்தினாள். "வயசுக்கு முந்தியே பருவம் வரப்பாக்குதுய்யா. அதைக் கொஞ்ச வருஷம் தள்ளிப்போடத்தான்."

சிறுமி அவர் பையை எட்டிப் பார்த்தாள். "தாத்தா, நீங்களும் சீக்கிரமா பெரியவராயிட்டீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். "ஆமா பாப்பா. எனக்கே தெரியாம ஆயிட்டேன்."

"வலிக்குமா?"

"சுருக்குங்கும்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. எனக்கு வேணாம்."

"அடுத்து யாரு?" என்று செவிலியர் கேட்டதும், சிறுமி தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். தாய் கெஞ்சினாள், அதட்டினாள். பயனில்லை.

மாஸ்டர் எழுந்து உள்ளே போனார். தன் பெட்டியைச் செவிலியரிடம் நீட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார். முடி உதிர்ந்த கை வழவழவென்றிருந்தது. வழக்கம்போல் கதவைச் சாத்தப் போனார் செவிலியர்.

"தெறந்தே இருக்கட்டும்மா" என்றார் மாஸ்டர். "பாப்பா பாக்கணும்."