கொஞ்சம் கூட்டித் தாங்க

நின்றுபோன கம்ப்யூட்டரை ஓட வைப்பதுதான் என் தொழில் என்று கடை போர்டில் எழுதியிருக்கிறது. உண்மையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டப் பார்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

கருங்கல் என்கிற ஊரில் பதினாலு வருஷமாகக் கடை. ஓவர்கிளாக் என்று இங்கே யாரும் வாய் நிறையச் சொல்வதில்லை. ‘கூட்டுறது’ என்பார்கள். பிராசஸரோ, கிராபிக்ஸ் கார்டோ, ரேம் என்கிற மெமரியோ, கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்துத்தான் அனுப்புகிறான். செட்டிங்கில் போய் அதைக் கொஞ்சம் ஏற்றலாம். ஏற்றினால் சூடும் ஏறும், கரண்டும் அதிகம் இழுக்கும், எல்லை தாண்டினால் மெஷின் பிசகும். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கும் இந்த ஆசை ஒருநாள் வந்திருக்கும். எனக்கும் உண்டு, மறைக்கவில்லை.

கடைசியில் ஒரு கல்யாண வீடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தன் அப்பா நடந்து வருவதைப் பார்க்க இருந்த ஒரே வீடியோ அது. அதில் தப்பு என்னுடையது. நேராக அங்கே போகத் தைரியம் வராததால், மற்றவர்கள் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். மனுஷப் புத்தி அப்படித்தானே.

அவனுக்க நம்பர்

ஜெபின் துபாயிலிருந்து லீவுக்கு வந்தவன். அவனும், கூடவே சுற்றுகிற அவன் கூட்டுக்காரனும் ஒரே மாதிரி மெஷின் வாங்கினார்கள். கூட்டுக்காரனுடையதை நான்தான் கூட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் எடுத்தது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் தொடுவேன், கொஞ்சமாக ஏற்றுவேன், டெஸ்ட் ஓட விட்டுச் சூடு பார்ப்பேன், தாங்கினால்தான் அடுத்த படி. ஜெபின் என்ன செய்தான் தெரியுமா? கூட்டுக்காரன் வீட்டுக்குப் போய் ஸ்கிரீனில் இருந்த நம்பரையெல்லாம் போனில் படம் பிடித்து வந்து, தன் மெஷினில் ஒரே மூச்சில் அடித்துவிட்டான். போதாததற்கு வோல்டேஜையும் தன் பங்குக்கு ஒரு படி ஏற்றியிருக்கிறான். ஸ்கிரீன் இருண்டு போயிற்று.

மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் விட்டு மாட்டினேன். செட்டிங் எல்லாம் மறந்து பழைய வேகத்துக்கு வந்தது. அவனுக்கு நல்ல நேரம். வோல்டேஜைத் தொட்டவர்கள் பல பேருக்கு அந்த நேரம் இருந்ததில்லை. ஒரே அச்சில் வந்தாலும் ஒவ்வொரு சிப்பும் தாங்குவது வேறு வேறு அளவு, இன்னொருத்தன் நம்பர் உனக்கு ஆகாது என்று அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

“ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கடையில வேண்டினது. பின்ன அவனுக்கது ஓடும், எனக்கது ஓடாதுண்ணா அதெப்படி அண்ணே?”

கடல் பார்த்த ஜன்னல்

கடியப்பட்டணத்தில் ஒரு படகுக்காரர், பெயர் ஆன்றணி. மீன்பிடி தடைக்காலத்தில் கேம் விளையாடுவார். அவருடைய கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, இனி சூடு அதிகம் வரும், காற்றோட்டம் வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். மனுஷன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெஷினைத் தூக்கிக் கடல் பார்த்த ஜன்னலில் வைத்துவிட்டார். சூடு எட்டு டிகிரி குறைந்துவிட்டது என்று போன் போட்டு எனக்கே பாடம் எடுத்தார்.

ஏழாவது மாதம் கார்டு செத்தது. பிரித்துப் பார்த்தால் செம்பு முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது, ஃபேன் இறுகிக் கிடக்கிறது, போர்டில் கோடு கோடாக அரிப்பு. உப்புக் காற்று தின்ற கார்டை உலகத்தில் யாராலும் எழுப்ப முடியாது. காற்று வேண்டும் என்று சொன்ன நான், எந்தக் காற்று என்று சொல்லவில்லை. அவர் கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பதினஞ்சு வயசுல இருந்து அந்தக் காத்துலதான் சார் நான் நிக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல்லியே.”

பத்து நிமிஷ டெஸ்ட்

இனி என் கதை. கடைக்கு மேல்மாடியில் செல்வின் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். சீசன் நேரத்தில் எடிட்டிங் மெஷின் இழுக்கிறது, சவம் நகரவே மாட்டேங்குது, கொஞ்சம் கூட்டித் தா என்று பிடுங்கி எடுத்தான். பிராசஸரைக் கூட்டினேன், தாங்கியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மெமரியையும் ஒரு கை பார்த்தேன்.

கேட்டியளா, இதுதான் முக்கியம். பிராசஸரை அளவுக்கு மேல் கூட்டினால் பெரும்பாலும் மெஷின் நின்றுபோகும், தெரிந்துவிடும். கார்டைக் கூட்டினால் ஸ்கிரீனில் புள்ளி புள்ளியாக வரும், அதுவும் தெரியும். மெமரி அப்படியில்லை. எல்லாம் சரியாக ஓடுவது போலவே ஓடும். உள்ளே போகிற கோடியில் ஒன்றைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதிவைக்கும். அதனால்தான் மெமரியைத் தொட்டால் ஒரு முழு நாள் டெஸ்ட் ஓடணும் என்று வருகிறவர்களிடமெல்லாம் உபதேசம் செய்வேன். அன்றைக்குச் செல்வின் பக்கத்தில் நின்றுகொண்டு மணி பார்க்கிறான், கல்யாண வேலை குவிந்து கிடக்கிறது. பத்து நிமிஷம் ஓட விட்டேன். ஒரு பிழையும் காட்டவில்லை. ஒண்ணும் ஆவாது, வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டேன்.

“நீ சொன்னா செரி மக்கா, ஒனக்குத் தெரியாததா?”

பச்சைக் கட்டம்

அடுத்த வாரம் செல்வின் எடுத்தது ஷீபாவின் கல்யாணம். மணவாளக்குறிச்சிப் பக்கம். அவள் அப்பா இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், மகள் கல்யாணத்துக்காக வேலையை விட்டுவிட்டே வந்தார். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த பிறகுதான் செல்வின் அந்த வீடியோவை எடிட் செய்ய எடுத்தான். சர்ச் வாசலில் அப்பாவும் மகளும் வருகிறார்கள். இரண்டு எட்டு வைக்கிறார்கள். ஸ்கிரீன் முழுக்கப் பச்சைக் கட்டம். அதற்கு மேல் ஃபைல் ஓடவில்லை. ஓடி இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டான்.

ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி, அங்கிருந்து வெளி டிஸ்குக்கு இன்னொரு காப்பி, பிறகு கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு. முதல் காப்பி நான் கூட்டின மெமரி வழியாகப் போகும்போதே கெட்டுவிட்டது. இரண்டாவது காப்பி அந்தக் கெட்டதையே ஒழுங்காக எடுத்து வைத்திருந்தது. கார்டில் அதற்குள் இரண்டு கல்யாணம் எடுத்தாயிற்று. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் போட்டு மூன்று நாள் தோண்டினேன். வேறு யாரோ பாயசம் குடிக்கிற வீடியோ வந்தது. சொந்தக்காரர்களிடம் போனில் எடுத்தது உண்டா என்று கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் ஒரு மாமாவின் தோள் கடைசி வரைக்கும் அப்பாவை மறைத்துக்கொண்டே நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் மெமரி டெஸ்டை முறையாக ஓட விட்டேன். நாற்பதாவது நிமிஷத்தில் சிவப்பில் பிழை காட்டியது. செல்வின் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நிமிஷம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

“கேமரா கார்டு கேடாப் போச்சுண்ணு சொல்லுவோம் மக்கா. அதுல ஆருக்கும் கொற வராது.”

மணவாளக்குறிச்சி வீட்டில்

ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். ஷீபா தன் அம்மா வீட்டில்தான் இருந்தாள். செல்வின் கார்டு கதையைச் சொன்னான். அம்மா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டிருப்பிய என்று எங்களுக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். அந்தக் கார்டு செய்கிற கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் எடுத்துத் தருவார்களா, என் தம்பி மகனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், எழுதச் சொல்லட்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் அதை முழுக்க நம்பிக் கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

கார்டில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். மெஷினைக் கூட்டினது நான், ஒரு நாள் டெஸ்ட் ஓட்ட வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் முடித்ததும் நான், வீடியோ போய்விட்டது என்று சொல்ல வந்து, அதில்தான் உங்கள் அப்பா போய்விட்டார் என்று ஷீபாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷீபாவுக்குப் புரிந்தது, அவள் ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர். திட்டவில்லை. எதற்காகக் கூட்டினீர்கள் என்று கேட்டாள். வீடியோ வேலை சீக்கிரம் முடியும் என்றுதான், என்றேன். எவ்வளவு சீக்கிரம் என்றாள். நாலு மணி நேர வேலையில் இருபத்தைந்து நிமிஷம் மிச்சமாகும் என்று சொன்னேன். அவள் எங்கள் முன்னால் இருந்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்த இருவத்தஞ்சு நிமிசத்துல நீங்க ரெண்டு பேரும் என்ன செய்துட்டு இருந்திய அண்ணா?”

\* \* \*

கூட்டித் தரச் சொல்லி இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், கூட்டித்தான் கொடுக்கிறேன், ஒரு முழு நாள் டெஸ்ட் ஓடாமல் எதையும் வெளியே விடாததால் கருங்கல்லிலேயே ரொம்ப மெதுவான கடை என்று எனக்கு இப்போது பேர்.