பிளேன் மாமாவின் இலை

பிளேன் மாமாவுக்கு நினைவுக்கல் நாட்டப்போகிறேன் என்று, ஆடி பிறந்த கையோடு லண்டனிலிருந்து புங்குடுதீவுக்கு வந்து இறங்கினான் என் சித்தியின் மகன். கறுப்பு மாபிள் கல். யாழ்ப்பாணத்தில் வெட்டி, தங்க எழுத்துப் பொறித்து, என் வாசலில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் என்னிடம் காணி கேட்டான். எங்கள் ஆட்களின் காணிகளில் ரோட்டுக்கரையில் பற்றை மூடாமல் இருப்பது என் வளவு மட்டும்தான்.

பிளேன் மாமா அம்மாவின் தாய்மாமன். கொழும்பில் எங்கள் ஆட்களின் கடையில் நின்று படித்தவர், படித்தது போதாதென்று வெள்ளைக்காரனின் யுத்தத்துக்கு எழும்பிப் போனார். குண்டு போடும் விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பதுதான் அவர் வேலை. ஜெர்மனிக்கு மேலே விமானம் விழுந்தது. தந்தி கடைக்கு வந்து, கடையிலிருந்து சேதி ஊருக்கு வந்தபோது எந்த நாளில் செத்தார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. திதி தெரியாதவருக்குத் திவசம் கொடுப்பது எப்படி? ஆகவே ஆடி அமாவாசைக்கு, வீட்டில் செத்த ஆண்களுக்குப் படைக்கும்போது அவருக்கும் ஓர் இலை போட்டார்கள். சோறு, கறிகள், ஓரத்தில் பொரித்த காத்தோட்டிக்காய். அந்தக் கசப்புக் காய் இல்லாமல் எங்களுக்கு அமாவாசைப் படையல் இல்லை.

அம்மாவுக்கு அவர்மேல் உயிர். சின்னப்பிள்ளையில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவராம். தொப்பியும் சீருடையுமாக அவர் சிரிக்கும் படம் எங்கள் விறாந்தைச் சுவரில் இருந்தது. நானும் தங்கையும் அதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் புளுகித் திரிந்தோம்.

பல வருஷத்துக்குப் பிறகு, எங்கள் நாட்டு யுத்தத்தில், எங்கள் தலைக்கு மேலேயே அரசாங்கத்தின் விமானம் வந்தது. பங்கருக்குள் இருந்த தங்கை, சோறு அடிப்பிடிக்கப் போகிறது, இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று குசினிக்கு ஓடினாள். குசினியும் இல்லை, அவளும் இல்லை என்று ஆனது.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த அன்று அம்மா மாமாவின் படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த அமாவாசைக்கு ஓர் இலை குறைந்தது.

"மேலையிருந்து குண்டு போட்டவைக்கு என்ரை வீட்டிலை சோறில்லை" என்றாள். சாகும்வரை போடவில்லை. அவளுக்குப் பிறகு நானும் போடவில்லை.

இதெல்லாம் லண்டன் தம்பிக்குத் தெரியும். தெரிந்தும் காணி கேட்டான்.

"மாமா குண்டு போடேல்லை அக்கா. பின்னுக்கிருந்து சுட்டவர் மட்டும்தான்."

"எங்கடை குசினிக்கு மேலை வந்ததிலையும் எல்லாருமே போட்டவை? ஒருத்தன் போட்டிருப்பான், மற்றவை சும்மா கூட வந்திருப்பினம்" என்றேன்.

பேச்சை மாற்றினான். "செத்த நாளைக் கண்டுபிடிச்சிட்டன் அக்கா. இனித் திதி பாத்துத் திவசம் குடுக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். "காணி தாறன். கல்லிலை தங்கச்சியின்ரை பேரையும் கீழை வெட்டிப் போடும்."

அவன் கல்லைத் தடவிக்கொண்டு நின்றான். "அது ஏலாது அக்கா. திறக்கிறதுக்கு வெள்ளைக்காரன்ரை தூதரகத்திலையிருந்து ஆக்கள் வருகினம். அவவின்ரை பேரைப் போட்டா அரசியலாப் போயிடும்."

குண்டு போடப் போனவர் குடும்பத்துக்குப் பெருமை, சோறு இறக்கப் போனவள் அரசியல். அவனை அடிக்காமல் விட்டது என் வயதுக்கு நான் கொடுத்த மரியாதை.

"அப்ப கல்லைக் கொண்டு போம்" என்றேன்.

கல் இப்போது பூட்டிக்கிடக்கும் உறவுக்காரர் வீடொன்றின் மதிலோடு நிற்கிறது. வந்தவர்கள் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன.

அமாவாசையன்று அலுமாரியை இழுத்துப் படத்தை வெளியே எடுத்தேன். மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது பார்த்தால் என் மகனைவிட இளையவர். அந்த வயதில் என்ன தெரிந்து போயிருப்பார் என்று ஒரு கணம் பாவமாக இருந்தது. அம்மா கேட்டால் மன்னிக்கமாட்டாள் என்று தெரிந்தும் அவருக்கு இலை போட்டேன். அன்றைக்குப் பெண்களுக்குப் படைப்பது வழக்கத்தில் இல்லை என்று தெரிந்தும் பக்கத்தில் தங்கைக்கும் ஓர் இலை போட்டேன்.

ஊரெல்லாம் தேடியும் ஒரு பிடி காத்தோட்டிக்காய்தான் கிடைத்திருந்தது. அந்தக் கசப்பு அவ்வளவையும் மாமாவின் இலையில் வைத்தேன். தங்கைக்குச் சுடுசோறு, அடிப்பிடிக்க முன் இறக்கியது.