நீலக் கரைக் கோடி

காலம் போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை. என் அண்ணனைத் தின்றவனுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பொல்லாதவள் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

உலகச் சண்டைக் காலம் அது. மலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், வெங்கச்சங்கல்லை மாவாக அரைக்கிற மில் ஒன்று நடந்தது. கண்ணாடி செய்ய அந்த மாவு போகிறது என்றார்கள். மலை மேலே எடப்புளி நாட்டில் எங்கள் ஊரிலிருந்து முதலில் அங்கே வேலைக்கு இறங்கியவன் என் அண்ணன். அந்த வருஷம் சாமை பொய்த்துப்போயிருந்தது. அவன் பேச்சை நம்பி ஊரில் இன்னும் பல பேர் இறங்கினார்கள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டோடு இருந்த நானும் போனேன். அவனுக்கு அரவையில் வேலை, எனக்குப் பை ரூமில்.

பை ரூம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல்லை அரைக்கும்போது மாவு புகையாகக் கிளம்பும். அதை உறிஞ்ச மிஷினின் வாய்க்கு மேலே ஒரு தகரக் கூடு, அங்கிருந்து ஒரு பெரிய குழாய். குழாய் போய்ச் சேருகிற இடம்தான் பை ரூம். தகரத்தால் அடைத்த உயரமான அறை, உள்ளே ஆளை விட நீளமான துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். ஃபேன் காற்றை இழுக்கும். மாவு பைக்குள் தங்கிவிடும், சுத்தக் காற்று வெளியே போகும். பைகளுக்குக் கீழே புனல் மாதிரி ஒரு தொட்டி, அதற்கு ஹாப்பர் என்று பெயர். ஃபேனை நிறுத்திப் பையை உலுக்கினால் மாவு ஹாப்பரில் விழும். உலுக்குவதும், கிழிந்த பையைத் தைப்பதும் என் வேலை.

மிஷினை மாட்ட வந்த பட்டணத்து ஃபிட்டர் சொன்னது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. தூசியைப் பிடிப்பது துணி இல்லையாம். துணியின் உள்பக்கம் முதலில் படிகிற மாவுதான் பின்னால் வருகிற மாவைப் பிடிக்கிறதாம். அந்தப் படிவுக்கு அவர் கேக் என்றார். நாங்கள் எந்தக் கேக்கைக் கண்டோம்? அடை என்று சொல்லிக்கொண்டோம். அடை மெல்லிசாக இருக்கிற வரைக்கும் நல்லது. தடித்துவிட்டால் காற்று போகாது, 'பை குருடாயிடுச்சு' என்பார் ஃபிட்டர். பை குருடானால் குழாயில் இழுப்பு இருக்காது. கிளம்புகிற மாவு அவ்வளவும் அரவையில் நிற்கிற ஆளின் மூக்குக்குள்தான் போகும். புதுப் பையை உலுக்கினால் சரியாகிவிடும். நாள்பட்ட பையில் மாவு நூலுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிடும், எத்தனை உலுக்கினாலும் ஆகாது. கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷனின் உயிர் இதில்தான் இருந்தது.

முதலில் தைத்த பைகளே பட்டணத்திலிருந்து வந்தன. கெட்டித் துணி. ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் பிசிறு பிசிறாக இருக்கும். அந்தப் பிசிறுப் பக்கம்தான் உள்ளே, மாவு பிடிப்பதற்கு. துணியின் இரண்டு ஓரத்திலும் நீல நூலில் கரை. நெடுக்க மூன்று வரிசைத் தையல். அந்தத் தையலை எத்தனையோ தடவை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். என் கைத் தையல் ஒற்றை வரிசைதான்.

அப்புறம் பை வருவது நின்றுபோயிற்று. நின்றுபோயிற்று என்று சூப்பர்வைசர் சொன்னான். அவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சமவெளிக்காரன், நல்ல தொந்தி, தும்பைப்பூ மாதிரி வேட்டி. பை ரூம் பக்கம் வந்தால் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்பான்.

அண்ணன் அவனிடம் போய்க் கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க, பையெல்லாம் குருடாப் போச்சுங்க. அரவையில நிக்க முடியலீங்க. புதுப் பை போட்டுக் குடுங்க."

"சண்டை நடக்குதப்பா. கட்டத் துணியில்லாம ஊரே திண்டாடுது, உனக்குப் பைக்குத் துணி கேக்குதா? மலையில பொறந்த நெஞ்சு, இந்தத் தூசிக்கா பயப்படறது?"

நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? நானும் அண்ணன் பெண்டாட்டியும் இருக்கிற ஒரு நல்ல புடவையை மாற்றி மாற்றிக் கட்டிய காலம். துணி இல்லை என்றால் நம்பத்தான் தோன்றும். இற்றுப்போன பைகளையே நான் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். அண்ணன் அந்தப் புகையிலேயே நின்றான். அரவையிலிருந்து அவன் வெளியே வந்தால் புருவம், மீசை எல்லாம் வெள்ளை. கிழவன் மாதிரி இருக்கிறாய் என்று முதலில் கேலி செய்தேன். பிறகு கேலி செய்ய முடியவில்லை.

சந்தை நாளுக்கு மலையேறி வீட்டுக்கு வருவோம். மலை முகட்டில் பாதையோரம் ஒரு தட்டைக் கல் உண்டு. அதைத் தாண்டினால் கீழே பள்ளத்தில் எங்கள் ஊர். மிளகு மூட்டையோடு நிற்காமல் ஏறியவன் என் அண்ணன். அந்தக் கல்லில் உட்கார ஆரம்பித்தான்.

"நீ போ அம்மிணி. மூச்சு வாங்குது, சித்த உக்காந்துட்டு வாரேன்" என்பான்.

நான் போகமாட்டேன். அவன் மூச்சு துருத்தி மாதிரி இழுப்பதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்பேன். காசம் என்றார் வைத்தியர். கஷாயம் கொடுத்தார். தேன் கொடுத்தோம், சாமிக்கு நேர்ந்துகொண்டோம், ஒன்றும் கேட்கவில்லை. அறுவடைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் என் அண்ணன் போய்விட்டான். கடைசி நாட்களில் படுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். பாவி, என்ன பாடுபட்டான்!

மத்தியானம் சூப்பர்வைசர் டோலியில் வந்து இறங்கினான். எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர்தான் தூக்கி வந்தார்கள். துக்கம் விசாரிக்கவா வந்தான்? அண்ணன் போனதும் மலை ஆட்கள் ஒருத்தரும் வேலைக்கு வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் வந்தான். கையில் ஒரு மூட்டை. பிரித்து ஒரு கோடித் துணியை எடுத்தான்.

செத்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துவது எங்கள் வழக்கம். கோடி என்போம். அந்த வருஷம் கோடிக்கு எங்கே போவது? சொந்தக்காரர்கள் முழத் துணியும், துவைத்த வேட்டியும் கொண்டுவந்து வெட்கப்பட்டுக்கொண்டு போட்டார்கள். இவன் கொண்டுவந்தது கெட்டியான, பெரிய, புத்தம் புதுத் துணி. கூட்டத்தில் யாரோ, "மவராசன், எங்கிருந்தோ கொண்டாந்துட்டாரே" என்றார்கள்.

போர்த்துவதற்காக ஒரு முனையை நான் பிடித்தேன். விரலில் பிசிறு தட்டியது.

ஓரத்தைப் பார்த்தேன். நீலக் கரை. துணியை வெயிலுக்கு நேராகத் தூக்கினேன். நெடுக்க மூன்று வரிசை ஊசித் துவாரம், ஒவ்வொன்றிலும் வெயில் தெரிந்தது. மேல் பக்கம், பையைத் தொங்கவிடும் வளையம் கோக்க மடித்த தடம்கூட அப்படியே இருந்தது. பை வந்திருக்கிறது. இவன் அதை மாட்டாமல், தையலைப் பிரித்து, துணியாக விற்றிருக்கிறான். விற்றதில் ஒன்றை என் அண்ணனுக்கே கோடியாகக் கொண்டுவந்திருக்கிறான். மலைக்காரிக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு!

"ஏனுங்க, இது எங்க வாங்கினீங்க?"

"சேலத்துக் கடையில சொல்லிவச்சு வாங்கினேம்மா."

"கடையில தைச்சுப் பிரிச்ச துணிதான் விக்கறாங்களா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. என்னோடு பை ரூமில் வேலை செய்தவள் எழுந்து வந்து துணியைத் தடவிப் பார்த்தாள். "பைத் துணிதான்" என்றாள். அரவை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள்.

"அது வந்து, மிச்சம் கிடந்தது ஒண்ணு..." என்றான்.

"பை வரவே இல்லீன்னு சொன்னீங்களே, மிச்சம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

எனக்கு அழுகை வரவில்லை. கோடி பிணத்துக்குத்தான். உயிரோடு இருக்கிறவன் மேல் அதைப் போட்டால் அவன் எங்களுக்குச் செத்தவன். அவனோடு பேச்சில்லை, அவனுக்குத் தண்ணீர் இல்லை, அவன் சொல்லுக்கு ஒருத்தரும் அசைய மாட்டார்கள். பெரியவர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி, யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"எங்கண்ணனுக்கு வேண்டாமுங்க. உங்களுக்கே இருக்கட்டும்" என்று சொல்லி அவன் மேல் போர்த்தினேன். பை தைப்பது போலவே பிசிறுப் பக்கம் உள்ளே இருக்கும்படி போர்த்தினேன்.

அவன் அதை உதறித் தள்ளினான். தள்ளி என்ன? விழுந்தது விழுந்ததுதான். எல்லோரும் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆக வேண்டியதப் பாருங்க சாமி" என்று எங்களிடம் மட்டும் சொன்னார்.

பழைய வேட்டியோடுதான் என் அண்ணன் போனான். பெண்கள் பாடைக்குப் பின்னால் போவதில்லை, அதனால் எனக்கு நேரம் இருந்தது. டோலிக்காரர்களைச் சூப்பர்வைசர் கூப்பிட்டான், அதட்டினான், கடைசியில் கெஞ்சினான். அவர்கள் காதில் விழாதது போல டோலிக் கம்பை உருவித் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தோடு போய்விட்டார்கள். அவன் நடந்தே கிளம்பினான். நான் பின்னாலேயே நடந்தேன்.

பள்ளத்திலிருந்து முகடு வரைக்கும் நல்ல ஏற்றம். பாதி தூரத்திலேயே அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டான். ஒவ்வொரு மூச்சையும் நான் கேட்டேன். மனசு குளிர்ந்தது எனக்கு, இல்லை என்று சொன்னால் பொய். வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். சேதி அதற்குள் அங்கே போயிருந்தது. அந்த வீட்டுக்காரி உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

முகட்டுக்கு வந்ததும் தட்டைக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எத்தனை நாள் அண்ணனுக்கு எதிரில் நின்றேனோ, அதே இடத்தில் நின்றேன்.

செத்தவனோடு பேசக் கூடாது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசினேன்.

"எந்திரிடா. அது எங்கண்ணன் உக்காந்த கல்லு."

எழுந்தான். பாதையோரக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான். நான் கல்லின் மேல் உட்கார்ந்தேன். வளைவு தாண்டியும் அவன் மூச்சு கொஞ்ச நேரம் கேட்டது. அந்தச் சத்தம் தூரத்தில் மறைகிற வரைக்கும் இருந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.